ஆறாம் அறைக்கு டிட்டோ

இங்கிலீஷ் படிக்கப் போனபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. என் டீச்சருக்கு இருபத்தேழு. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை டீச்சர் என்பேன்.

என் பெயர் குழந்தைத் தெரசு. மலையில், பாதி நாள் பனிக்குள்ளேயே கிடக்கிற ஓர் ஊரில், முடியாமல் போன வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் நர்ஸ். இருபத்தாறு வருட சர்வீஸ். நரம்பே அகப்படாத கையில்கூட ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவேன், அதை நானே சொல்லிக்கொள்கிறேன். எழுத்து வேலை மட்டும் எனக்கு வேப்பங்காய்.

எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பதிவேடு உண்டு. அட்டையில் ஆள் பெயர் இருக்காது, அறை நம்பர்தான் இருக்கும். நோயாளி எப்படி இருக்கிறார் என்று தினமும் இங்கிலீஷில் எழுத வேண்டும். நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருந்தால் முழுசாக எழுத மாட்டோம். மேல் வரிக்குக் கீழே இரண்டு சின்னக் கோடு போடுவோம். டிட்டோ. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.

ஆறாம் அறையில் பங்கஜவல்லி அம்மா இருந்தார். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ரிட்டயர் ஆனவர். பக்கவாதம் வந்து பேச்சு போய், கை கால் விழுந்து, மூக்கில் குழாயோடு எங்களிடம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரே மகள் கனடாவில்.

மாதம் ஒரு சனிக்கிழமை டாக்டர் வருவார். போன தடவை வந்தவர் ஆறாம் அறைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"நாலு மாசமா ஒரு மாற்றமும் இல்லையே. உணர்வே இல்லாதவங்களுக்குத் தனி ரூம் எதுக்கு? பின்கட்டுக்கு மாத்திடுங்க."

பின்கட்டு என்பது சமையலறைக்குப் பின்னால் இருக்கும் நீளக் கூடம். எட்டுக் கட்டில். அங்கே குழாயில் கஞ்சி ஊற்றுவோம், துணி மாற்றுவோம். கை கால் பயிற்சி கிடையாது, பேச்சுக் கொடுக்க ஆள் கிடையாது. அங்கே போனவர்களில் ஒருவரும் தேறி முன்பக்கம் வந்ததில்லை.

அதற்கு மகள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண் மேட்ரனுக்குப் போன் செய்தது.

"கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னாடி, அம்மாவைத் தினமும் பார்க்கிற சிஸ்டர் எனக்கு ஒரு லெட்டர் எழுதட்டும். இங்கிலீஷ்ல வேணும், இங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டணும். நீங்க அனுப்பின பதிவேட்டுப் பக்கம் மாதிரி டிட்டோ வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பச் சொல்லுங்க."

மேட்ரன் என்னைக் கை காட்டிவிட்டார். அன்று திங்கட்கிழமை.

பேக்கரிக்கு மேல்மாடியில் ஷமீமா டீச்சர் டியூஷன் எடுக்கிறார் என்று தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால், ரெண்டு மணிக்குப் போய் நின்றேன்.

"நாலு நாள்ல ஒரு லெட்டர் எழுதக் கத்துக்கணும் டீச்சர். முடியுமா?"

"என்ன தெரியும்?"

"மருந்து பேரெல்லாம் தெரியும். இந்த வெர்ப்தான் தகராறு."

டீச்சர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார்.

"ஒரு வகை, செய்யறதைச் சொல்லும். ஓடறா, திங்கறா, தள்ளறா. அது ஆக்‌ஷன் வெர்ப். இன்னொரு வகை எதையும் செய்யாது. ஆளையும், ஆளைப் பத்தி நாம சொல்றதையும் ஒட்டி வைக்கும். இஸ், சீம்ஸ், லுக்ஸ் இதெல்லாம். அது லிங்கிங் வெர்ப்."

"ரெண்டையும் எப்படிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கிறது?"

அவர் தாளை என் பக்கம் தள்ளினார்.

"அந்த அம்மாவைப் பத்தி மூணு வரி எழுதுங்க."

மூச்சு விடுவதற்குள் எழுதிவிட்டேன். பேஷன்ட் இஸ் கொயட். சீம்ஸ் அன்அவேர். லுக்ஸ் தி சேம். அதாவது, நோயாளி அமைதி. உணர்வில்லாதவராகத் தெரிகிறார். நேற்று மாதிரியே தெரிகிறார்.

"வெர்ப் தகராறுன்னீங்க. சரசரன்னு எழுதிட்டீங்களே."

"எல்லாம் மனப்பாடம் டீச்சர்."

"இதை எழுத அந்த ரூமுக்குப் போகணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "எதுக்கு? இங்க உட்கார்ந்தே எழுதலாம்."

டீச்சர் சிவப்புப் பென்சிலால் மூன்று வெர்பின் அடியிலும் கோடு போட்டார். "மூணும் ஒட்டுறது. நாளைக்கு அந்த ரூம்ல போய் உட்காருங்க. இந்த மூணும் வேண்டாம். அவங்க செய்யறதை மட்டும் எழுதிட்டு வாங்க."

"மூக்குல குழாயோட கிடக்கிற மனுஷி என்ன செய்வாங்க டீச்சர்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த ரூம்ல இல்லையே."

எனக்கு எரிச்சலாகிவிட்டது. நாலு நாளில் லெட்டர் எழுதிக் கொடுக்கச் சொன்னால் இந்தப் பெண் விளையாட்டுக் காட்டுகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவில் ஆறாம் அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பங்கஜவல்லி அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கழுத்துவரை போர்வை. ஒரு வரி எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். ஷி ப்ரீத்ஸ். மூச்சு விடுகிறார்.

"வேற?"

"அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம் உட்கார்ந்தீங்க?"

"பத்து நிமிஷம். எனக்கு ஒன்பது ரூம் வேலை கிடக்குது டீச்சர்."

டீச்சர் என்னைத் திட்டவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஒரு கண்ணாடி உடைந்திருந்தது, அது வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

"என்னைப் பத்தி ஒரு வரி எழுதுங்க," என்றார் திரும்பாமலே.

டீச்சர் இஸ் ஆங்ரி, டீச்சருக்குக் கோபம் என்று எழுதி நீட்டினேன்.

"எனக்குக் கோபம் இல்லை அக்கா. கடவாய்ப்பல் வலி."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு நர்ஸுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

"வந்ததிலிருந்து நான் என்ன செஞ்சேன்?"

"கன்னத்தை அழுத்திப் பிடிச்சீங்க. எச்சில் முழுங்கும்போது கண்ணை மூடினீங்க. வாயை ஒரு பக்கமாவே திறந்து பேசினீங்க."

"எல்லாத்தையும் பார்த்திருக்கீங்க."

"ஆமா."

"அப்புறம் ஏன் அதை எழுதல?"

"கிராம்பு வைங்க டீச்சர்," என்றேன். வைத்திருப்பதாகச் சொன்னார்.

புதன்கிழமை காலையிலிருந்தே பனி. பகல் பன்னிரண்டு மணிக்கே நடைபாதையில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஆறாம் அறைக்கதவை நெருங்கும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கிர்க். கொஞ்சம் இடைவெளி. கிர்க்.

பெருக்கிக்கொண்டிருந்த ருக்கு நிமிர்ந்தாள்.

"எலி சிஸ்டர். ரெண்டு மாசமா உயிரை வாங்குது. கட்டிலுக்கு அடியில பொறி வச்சிருக்கேன், மாட்டவே மாட்டேங்குது சனியன். தேங்காச் சில்லை மோந்துகூடப் பார்க்கல."

"எதைக் கொறிக்குது?"

"யாருக்குத் தெரியும்? தினம் காலையில கூட்டறப்போ பச்சையாத் தூள் கிடக்கும்."

கதவைத் திறந்தேன். சத்தம் நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தேன். பொறி திறந்தபடி இருந்தது. தேங்காய்ச் சில்லு காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு சிட்டிகை அளவுக்குப் பச்சைத் தூள். எலிப் புழுக்கை ஒன்றுகூட இல்லை.

நிமிர்ந்தேன். பங்கஜவல்லி அம்மாவின் இடது கை போர்வைக்கு வெளியே, கட்டில் கம்பியை ஒட்டிக் கிடந்தது.

"ஐயோ, குளிருமே," என்று சொல்லி அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து ஓரத்தைச் சொருகினேன். எப்போதும் செய்வதுதான். அந்த அறைக்குள் போகிற நாங்கள் நாலு பேரும் முதலில் அதைத்தான் செய்வோம்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஷி ப்ரீத்ஸ் என்று எழுதினேன். இன்றைக்கு ஒரு மணி நேரம் உட்காராமல் எழுந்திருப்பதில்லை என்று வைராக்கியம். எதிர்ச்சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு இருபதுக்குப் போர்வை அசைந்தது.

மூச்சு விடுவதால் அசைகிறது என்று நினைத்தேன். ஆனால் அசைந்தது நெஞ்சுப் பக்கம் இல்லை, இடுப்புப் பக்கம். காற்றோ என்று பார்த்தால் சன்னல் சாத்தியிருந்தது. போர்வையில் ஒரு மடிப்பு மேலே எழும்பியது, அடங்கியது. அப்புறம் கொஞ்சம் தள்ளி இன்னொரு மடிப்பு எழும்பியது. சொருகிய ஓரம் இளகி, அடியிலிருந்து நாலு விரல் நுனி வெளியே வந்தது. வந்து அப்படியே நின்றது. களைத்துப் போய் நிற்கிறது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. மறுபடி நகர்ந்தது. மணிக்கட்டு வெளியே தெரிந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

அந்தக் கை ஊர்ந்து கம்பியைத் தொட்டது. கம்பிக்குப் பச்சைப் பெயிண்ட். ஒரே ஓர் இடத்தில் மட்டும், விரல் நுனி அகலத்துக்கு, பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது. ஆள்காட்டி விரல் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. நகம் அசைந்தது.

கிர்க். கிர்க்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இந்தக் கையை நான் நூறு தடவையாவது உள்ளே எடுத்து வைத்திருப்பேன். நூறு தடவையும் அது வெளியேதான் கிடந்தது. அதை வெளியே எடுத்து வைத்தது யார் என்று நாங்கள் ஒருத்தரும் ஒரு நாளும் கேட்கவில்லை.

மெதுவாகத் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார் என்று தெரியவில்லை.

அந்த அறையில் நாங்கள் பேசாத பேச்சா? அடுத்து வரப்போகிற ஆளுக்கு இந்த மெத்தை போதுமா என்று அவர் தலைக்கு மேலேயே பேசியிருக்கிறோம். போன வாரம் தலை சீவிவிடும்போது, "இந்தம்மாவுக்கு ஒரு நல்ல சாவு வரக்கூடாதா" என்று ருக்குவிடம் சொன்னேன். சீப்பு என் கையில் இருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. இல்லத்துச் செருப்பு, இடுப்பில் கட்டிய ஏப்ரன், அப்படியே பேக்கரி மாடிக்கு ஓடினேன்.

"எலி இல்லை டீச்சர். அது எலியே இல்லை."

டீச்சர் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தாளை வைத்தார்.

"எழுதுங்க."

"இப்ப இங்கிலீஷ் வராது டீச்சர்."

"தப்பா வரட்டும். எழுதுங்க."

எழுதினேன். போர்வைக்குள்ளிருந்து கையை இழுக்கிறார். கம்பியைச் சுரண்டுகிறார். ஷி லுக்ஸ் அட் மீ. என்னைப் பார்க்கிறார்.

டீச்சர் திங்கட்கிழமை நான் எழுதிய தாளை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். லுக்ஸ் தி சேம் என்ற வரிமேல் விரலை வைத்தார். இரண்டு தாளிலும் அதே லுக்ஸ்.

"இந்த வரியில பார்த்தது யாரு?"

யோசித்தேன். "யாருமே பார்க்கல டீச்சர்."

"அன்அவேர்னு முதல்ல எழுதினது யாரு? நீங்களா?"

"இல்லை. மேல் வரியில இருந்துச்சு. நான் டிட்டோதான் போட்டேன்."

"அந்த மேல் வரியை எழுதினது?"

"அதுக்கும் மேல இருந்துச்சு."

"மேல போய்ப் பாருங்க," என்றார்.

வியாழக்கிழமை பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தேன். விரலை வைத்துக் கோடு கோடாக மேலே போனேன். ஜூன் மாதம் முழுக்க டிட்டோ. மே முழுக்க டிட்டோ. எங்கள் நாலு பேர் கையெழுத்தும் மாறி மாறி வந்தது. ஏப்ரல், மார்ச். பங்கஜவல்லி அம்மா எங்களிடம் வந்த நாள் பிப்ரவரி பதினேழு. அங்கே முழு வரி இருக்கும் என்று பார்த்தேன். அங்கேயும் டிட்டோ.

அதற்கும் மேலே போனேன்.

பிப்ரவரி பதினாறு, டிட்டோ. பதினைந்து, டிட்டோ. அந்த இரண்டு நாளும் ஆறாம் அறையில் ஆளே இல்லை. மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டியவள் நான்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலிக் கட்டிலுக்கு எதிரே இரண்டு சின்னக் கோடு. என் கையெழுத்து.

பிப்ரவரி பதினாலு காலையில் தனக்கோடி அம்மாள் இறந்துபோனார். அவர்தான் அதற்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர். அந்தத் தேதிக்கும் டிட்டோ. பக்கத்தைப் புரட்டிப் புரட்டி ஜனவரி ஒன்பதுக்குப் போனபோதுதான் முழு வரி கிடைத்தது. பேஷன்ட் இஸ் கொயட். சீம்ஸ் அன்அவேர். லுக்ஸ் தி சேம். எழுதிய சிஸ்டர் வேலையை விட்டுப் போயே மூன்று மாதம் ஆகிறது.

அது தனக்கோடி அம்மாளைப் பற்றி எழுதியது. அவர் செத்த அன்றைக்கும் அந்த வரி நிற்கவில்லை. காலிக் கட்டிலில் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் பங்கஜவல்லி அம்மாவைக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் அவர்மேல் ஏறிக்கொண்டது. அதை வைத்துத்தான் அவரைப் பின்கட்டுக்கு அனுப்பப்போகிறார்கள்.

ஸ்டோர் ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கவே பயமாக இருந்தது. பதிவேட்டை மூடி வைத்துவிட்டு ஆள் நடமாட்டம் இருக்கிற பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். அன்றைக்கு வகுப்புக்கும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை போனதும் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"காலிக் கட்டிலுக்கும் டிட்டோ போட்டிருக்கேன் டீச்சர். நான்தான் போட்டிருக்கேன்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "லெட்டரை எழுதிடலாமா?" என்றார்.

சொல் சொல்லாகக் கேட்டுக் கேட்டு எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும். உங்கள் அம்மா மூச்சு விடுகிறார். போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே இழுக்கிறார். அதற்குப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். கட்டில் கம்பியை நகத்தால் சுரண்டுகிறார். யாராவது உள்ளே வந்தால் நிறுத்துகிறார். வந்தவர் முகத்தைப் பார்க்கிறார்.

கடைசியாக, ஐ ஆம் சாரி என்று எழுதிப் பேனாவை மூடினேன்.

டீச்சரின் சிவப்புப் பென்சில் அந்த வரிக்கு வந்தது. ஆம் என்ற வெர்பின் அடியில் நின்றது.

"இது என்ன வகை அக்கா?"

"ஒட்டுறது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

எனக்குச் சுரீர் என்றது. "வருத்தப்படறேன்னு எழுதியிருக்கேனே, அது போதாதா? அம்பத்திரெண்டு வயசு டீச்சர் எனக்கு. இதையெல்லாம் எழுதி அனுப்பினா நாளைக்கே வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் எந்த ஆஸ்பத்திரியில என்னைச் சேர்த்துப்பாங்க? உங்களுக்கென்ன, பென்சிலை வச்சுக்கிட்டுக் கேட்டுடுவீங்க."

டீச்சர் பென்சிலை அங்கிருந்து எடுக்கவில்லை. கீழே பேக்கரியில் தட்டுகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. எழுந்து போயிருக்கலாம். அவர் தடுத்திருக்க மாட்டார். நான் அழுதேன். அழுது முடித்துப் பார்த்தபோதும் பென்சில் அங்கேயே இருந்தது.

கடைசி வரியை அடித்துவிட்டு எழுதினேன். நான் டிட்டோ போட்டேன். கட்டில் காலியாக இருந்த நாளிலும் போட்டேன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை. அவர் வெளியே எடுத்த கையை ஒவ்வொரு முறையும் நான் உள்ளே வைத்துச் சொருகினேன்.

டீச்சர் இரண்டு ஸ்பெல்லிங்கைத் திருத்தினார். வேறு எதையும் தொடவில்லை. மேட்ரனிடம் காட்டாமல் அங்கிருந்தே போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை, அவர் வருகிற முறை இல்லாவிட்டாலும், டாக்டர் வந்தார்; மகள் வீடியோவில் இருந்தது. லெட்டரை அவருக்கும் அனுப்பியிருக்கிறது. அவர் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. நேராக ஆறாம் அறைக்குப் போய் அந்த இடது கையை எடுத்துக் கம்பிமேல் வைத்தார்.

"அம்மா, ஆமான்னா ஒரு தடவை சுரண்டுங்க. இல்லைன்னா ரெண்டு தடவை. உங்க பேர் பங்கஜவல்லியா?"

நாங்கள் எல்லோரும் சுவரோரமாக நின்றோம். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டது. கிர்க்.

"உங்க பொண்ணு பேர் லலிதாவா?"

மகள் பெயர் சித்ரகலா. கிர்க். கிர்க்.

போனில் அந்தப் பெண் விசித்து அழுவது கேட்டது.

"நாங்க பேசறது கேக்குதா?"

கிர்க்.

டாக்டர் இன்னும் கிட்டே குனிந்தார். "எப்ப இருந்து? இங்க வந்த நாள்லயிருந்தேவா?"

ஒரு தடவை.

ருக்கு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பின்கட்டுப் பேச்சு அன்றோடு நின்றது. பயிற்சி கொடுக்கவும் பேச்சு பழக்கவும் ஆள் அனுப்புவதாக டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயந்திரம் மேட்ரன் கூப்பிட்டார். லெட்டர் அவர் மேஜைமேல் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மூட்டையைக் கட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க இங்கயே இருக்கணுமாம். அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. இனிமே ஆறாம் ரூமுக்கு நீங்க மட்டும்தான் போகணுமாம். வேற சிஸ்டர் யாரும் வேண்டாமாம்."

நம்பித்தான் சொன்னதா, தண்டனையாகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு வாரம் கழித்துத் திங்கட்கிழமை ரெண்டு மணிக்கு மறுபடி பேக்கரி மாடிக்குப் போனேன். நோட்டு எடுத்துப் போகவில்லை.

"லெட்டர்தான் முடிஞ்சுதே அக்கா," என்றார் டீச்சர்.

"அந்த ரூமுக்குள்ள போகவே பயமா இருக்கு டீச்சர்."

"அவங்க என்ன செய்யறாங்க?"

"மகள் போன்ல கேட்டா ஒரு தடவை, ரெண்டு தடவைன்னு பதில் சொல்றாங்க. பயிற்சி கொடுக்க வந்த பொண்ணு கேட்டாலும் சொல்றாங்க. நான் கேட்டா மட்டும் விரல் அசைய மாட்டேங்குது. தண்ணி வேணுமான்னு கேட்டேன். வலிக்குதான்னு கேட்டேன். ஒண்ணும் இல்லை. நான் கதவைத் திறந்ததிலிருந்து வெளிய போற வரைக்கும் என் மூஞ்சியையே பார்க்கிறாங்க. அந்தப் பக்கம் போனா கண்ணும் அந்தப் பக்கம் வருது."

"நீங்க என்ன செய்யறீங்க?"

"திரும்பிக்கிறேன். அழுக்கே இல்லாத சன்னலைத் துடைக்கிறேன். முடியல டீச்சர். நாலு மாசத்துக்கும் சேர்த்து வச்சுப் பார்க்கிறாங்க."

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"பார்க்கட்டும்," என்றார்.